வரிசைக்குப் பின்னால் நடந்தவன்

இது நடந்தது. இதைப் படித்துவிட்டு நல்ல மனநல டாக்டர் யாரென்று எனக்குச் சொல்லத் துடிப்பவர்கள் சிரமப்பட வேண்டாம். இரண்டு பேரைப் பார்த்துவிட்டு வந்தாயிற்று. ஒருவர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். இன்னொருவர், "நீங்களே டாக்டர், உங்களுக்கு நான் என்ன சொல்றது" என்று கேட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எலும்பு டாக்டர். இருபத்தாறு வருடமாக உடைந்த கைகால்களைச் சேர்த்து வைக்கிறேன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய் காப்பி போடுகிற ரகம். வாய்த்துடுக்கு உண்டு, முன்கோபமும் உண்டு. ஆஸ்பத்திரியில் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு வேறு ஒரு பெயர் இருக்கிறது. அதை இங்கே எழுத மாட்டேன்.

என் தம்பி இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை செய்கிறான். மாலையில் வீட்டுக்கு வந்ததும் விரல் உயரப் போர்வீரன் பொம்மைகளை வரிசையாக வைத்துக்கொண்டு, பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்து அவற்றின் சட்டைக்குப் பொத்தான் வரைவான். முப்பத்தெட்டு வயது ஆள். "இதைப் பார்த்தா உனக்கு எவடா பொண்ணு குடுப்பா" என்று நான் கேட்காத நாள் கிடையாது. அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது, எனக்குப் பத்தொன்பது. அவனுக்கு ஆடிய பல்லைப் பிடுங்கியது, சைக்கிள் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியது, பரீட்சைக்கு முன் தலை கோதித் தூங்க வைத்தது எல்லாம் நான்தான். நானும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இந்த உலகத்தில் எனக்கென்று இருப்பது அவன் ஒருவன்தான்.

பழைய எலும்புகளை என் தலையில் கட்டியதும் அவன்தான். இருநூறு வருடத்துக்கு முன் பெரிய சண்டை நடந்த ஒரு மேட்டுக்குப் பக்கத்தில், தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது ஒரு குழி நிறைய எலும்புக்கூடுகள் கிடைத்தன. எங்கள் கல்லூரிக்கு வந்தன. "அக்கா, ஒரே ஒரு தடவை பாரேன்" என்று உயிரை வாங்கினான். பார்த்தேன். அப்புறம் விட முடியவில்லை.

அந்தக் குழியில் கிடந்தவர்களில் பதினேழு பேருக்கு ஒரே மாதிரிக் காயம். பிடரிக்குக் கீழே, கழுத்தும் தோளும் சேரும் இடத்தில், மேலிருந்து கீழே இறங்கிய ஓர் ஓட்டை, ஈட்டி முனை மாதிரி நான்கு பட்டையாக. ஓடும்போது முதுகில் பட்ட காயம் இப்படி இருக்காது. குனிந்திருப்பவனை, பின்னால் நிற்பவன் ஈட்டியால் குத்தினால்தான் இப்படி இறங்கும். அந்தக் காலத்தில் வீரர்கள் தோளோடு தோள் ஒட்டி ஒரே வரிசையாகப் போனார்கள். ஒருவன் விழுந்தால் பக்கத்து ஆள் நகர்ந்து அந்த இடத்தை அடைக்க வேண்டும். நிற்கக் கூடாது, குனியக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ள வரிசைக்குப் பின்னால் ஈட்டியோடு ஒரு ஆள் நடப்பான். அவனும் அவர்களுடைய ஆள்தான். விழுந்த நண்பனைத் தூக்கக் குனிந்தவர்களை அவன் குத்தியிருக்கிறான். இதைத்தான் கட்டுரையாக எழுதினேன். ராணுவ வரலாற்று மாநாட்டில் படிக்கக் கூப்பிட்டார்கள்.

மாநாடு அந்தப் போர்க்களத்துக்குப் பக்கத்து ஊரின் பழைய நகர்மன்றக் கூடத்தில் நடந்தது. பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மொத்தம் எழுபது பேர். பாதி ஓய்வுபெற்ற ராணுவக்காரர்கள், மீதி என் தம்பி மாதிரி ஆட்கள். மைக் கரகரத்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த குண்டு நூலகர் முதல் கட்டுரையிலேயே குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். நான் மேடை ஏறி மண்டையோட்டுப் படத்தைத் திரையில் போட்டதும் விழித்துக்கொண்டார்.

படித்து முடித்தேன். கேள்வி நேரம். மாநாட்டை நடத்துபவர் ஒரு பழைய கர்னல். மீசையைத் தடவிக்கொண்டே எழுந்தார்.

"டாக்டர், சொந்த ஆளையே குத்தியிருக்கானே. அவனைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?"

நான் யோசிக்கவே இல்லை. "அவன் செஞ்சது சரி. ஒருத்தன் குனிஞ்சா இடைவெளி விழும். இடைவெளி விழுந்தா எதிரியோட குதிரை உள்ள வந்துடும். பதினேழு பேரைக் குத்தி அறுநூறு பேரைக் காப்பாத்தப் பார்த்தான். நானா இருந்தாலும் குத்தியிருப்பேன்."

கூடம் சிரித்தது. கைதட்டினார்கள். கர்னல் மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்தார்.

வெளியே வந்ததும் தம்பி கேட்டான். "அறுநூறு பேரும்தானே அக்கா செத்தாங்க?"

"அது வேற விஷயம்."

"விழுந்தவனைத் தூக்கினது ஒரு தப்பா?"

"பொம்மைக்குப் பொத்தான் வரையறவனுக்கு இதெல்லாம் புரியாது, வா."

அவன் முகம் சின்னதாகப் போயிற்று. எனக்கும் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எனக்குக் கிடையாது.

அந்த மாநாட்டில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டாம் நாள், தாக்குதல் தொடங்கிய அதே நேரத்தில், அதே பள்ளப் பாதையிலிருந்து மேடு வரை, விருப்பப்பட்டவர்கள் வரிசையாக நடப்பார்கள். தோளோடு தோள். டார்ச் கிடையாது, பேச்சு கிடையாது. யாராவது தடுக்கி விழுந்தால் நிற்கக் கூடாது. இடப்பக்கத்து ஆள் நகர்ந்து அந்த இடத்தை அடைக்க வேண்டும். கர்னல் பள்ளத்திலேயே நின்று, தொடங்க ஒரு விசிலும் முடிக்க ஒரு விசிலும் ஊதுவார். விழுந்தவர்களைப் பிறகு அவரே வந்து தூக்கிவிடுவாராம். ஐம்பது, அறுபது வயது மனிதர்களுக்கு இது தேவையா என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. தம்பிதான் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

பள்ளத்தில் போய் நின்றபோது காலை 5.10. இன்னும் இருட்டு. பனி வேறு. நீட்டிய கை தெரியவில்லை. ட்ரோன் வைத்திருந்த படக்காரர் தன் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார்.

"இந்தப் பனியில என்னத்தப் படம் புடிப்பீங்க?" என்று கேட்டேன்.

"இது உடம்புச் சூட்டைப் பிடிக்கிற கேமரா, மேடம். வரிசை எங்க வளையுதுன்னு பார்க்கணும்."

கர்னல் எண் சொல்லச் சொன்னார். வலக்கோடியிலிருந்து ஒன்று, இரண்டு என்று குரல் வந்தது. நூலகர் பத்து. தம்பி பதினொன்று. நான் பன்னிரண்டு. எனக்கு இடப்பக்கம் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, பதிமூன்று. கடைசிக் குரல் இருபத்துநான்கு.

"மூச்சு வாங்குதுய்யா இப்பவே" என்றார் நூலகர். யாரோ சிரித்தார்கள்.

5.20. விசில்.

நடந்தோம். ஈரப் புல்லில் இருபத்துநான்கு ஜோடிக் கால்கள். சரக், சரக் என்று ஒரே சத்தம். வலது தோளில் தம்பியின் சூடு. இடது தோளில் அந்தப் பெண்ணின் மழைக்கோட்டு உரசியது. சேற்று மணம். எங்கோ தூரத்தில் ஒரு நாய். சொல்லப்போனால் எனக்குக் கொஞ்சம் பிடித்துக்கூட இருந்தது. ஐந்து நிமிடம் இப்படியே போனது.

5.26. மணிக்கட்டில் கடிகாரத்தின் முள் மினுங்கியது, அதனால் தெரியும். எனக்குப் பின்னால் காலடி கேட்டது.

யாரோ தாமதமாக வந்து சேர்ந்துகொள்கிறார் என்று நினைத்தேன். ஆனால் அந்தக் கால்கள் அவசரப்படவில்லை. எங்களோடு ஒத்து வைத்தன. நாங்கள் ஒரு அடி, அதுவும் ஒரு அடி. நடுவில் டங்… டங்… என்று ஓர் இரும்பு வளையம் கம்பில் மோதும் சத்தம்.

திரும்பக் கூடாது என்பது விதி. நான் திரும்பவில்லை. கர்னல் ஏதோ நாடகம் போடுகிறார், என் கட்டுரையைக் கேட்டுவிட்டு என்னைக் கிண்டல் செய்கிறார் என்று பற்றிக்கொண்டு வந்தது. முடியட்டும், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்போது இடப்பக்கம் 'தப்' என்று ஒரு சத்தம். ஈரத் துணியைக் கல்லில் அறைந்தால் கேட்கும், அதே சத்தம். என் கன்னத்தில் சூடாக ஏதோ தெறித்தது. இடது தோளில் இருந்த மழைக்கோட்டு காணாமல் போனது.

பின்னாலிருந்து ஒரு சொல். மிக அருகில்.

"அடை."

இடப்பக்கம் ஒரு தோள் வந்து ஒட்டியது. அது அந்தப் பெண்ணின் தோள் இல்லை. உயரமான தோள். சொரசொரவென்ற கம்பளித் துணி, நனைந்திருந்தது. வாடை வந்தது. வெடித்த கரிமருந்து. வேர்வை. அதற்கும் மேலே, குடல் கிழிந்தால் வருகிற வாடை. ஆபரேஷன் தியேட்டரில் அதை எத்தனையோ தடவை முகர்ந்திருக்கிறேன். எனக்கு அதில் தவறு வராது.

நின்றுவிடலாம் என்று நினைத்தேன். கால் நிற்கவில்லை.

தப். தப். மறுபடி. வரிசையின் அந்தக் கோடியிலிருந்து ஓர் ஓலம் கிளம்பிப் பாதியில் அறுந்தது. காலுக்குக் கீழே புல் இல்லை. மெத்து மெத்தென்று இருந்தது. குனியாமல் கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்தேன். என் பூட்சுக்கு அடியில் ஒரு முகம். கீழ்த்தாடை இல்லை. நாக்கு நெஞ்சு வரை தொங்கியது. கண் இரண்டும் என்னைப் பார்த்து இமைத்தன. அவன் உயிரோடு இருந்தான்.

நான் டாக்டர். நான் அவனை மிதித்துக்கொண்டு போனேன்.

"அடை."

முன்னால் பனிக்குள் ஒருவன் மண்டியிட்டிருந்தான். அறுந்து போன தன் கையை மடியில் வைத்துக்கொண்டு, அதை என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற ஒருவன் அவன் அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் குனிந்தான்.

என் தோளுக்குப் பக்கமாக ஈட்டி நீண்டது.

குனிந்தவனின் பிடரிக்குக் கீழே இறங்கியது. எலும்பு உடையும் ஓசை எனக்குத் தெரியும். முதல் விலா எலும்பு. அப்புறம் நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று புகும் சீறல். ஈட்டியை இழுக்க வரவில்லை. முதுகில் ஒரு பூட்ஸ் வந்து மிதித்து, அழுத்தி, உருவியது.

பிறகு கையை மடியில் வைத்திருந்தவனையும் குத்தியது. தொண்டையில். அது தேவையே இல்லை.

ஓர் ஆள் ஓடப் பார்த்தான். கம்பின் அடிப்பக்கம் அவன் முகத்தில் விழுந்தது. ஒரு தடவை. இரண்டு. மூன்று. முகம் என்று சொல்ல அங்கே எதுவும் மிஞ்சவில்லை.

நான் பார்த்தது கைகளை மட்டும்தான். கம்பைப் பிடித்த இரண்டு கைகள். நகம் ஒட்ட வெட்டியிருந்தது. இந்தச் சேற்றில், இந்த ரத்தத்தில் இவ்வளவு சுத்தமான கைகளா என்று அந்த நேரத்திலும் தோன்றியது.

வலப்பக்கம் தம்பி இருக்கிறானா… இருக்கிறான். அவன் சூடு தெரிந்தது. அவனுடைய பழைய ஸ்வெட்டர். மூக்கை உறிஞ்சும் சத்தம். அவன் எதையும் பார்க்கவில்லை, சாதாரணமாக நடக்கிறான் என்று புரிந்தது. கடவுளே, இவன் இப்படியே நடந்துவிடட்டும்.

5.31.

"ஐயோ" என்று நூலகரின் குரல். தொப்பென்று விழுந்தார்.

தம்பி நின்றான்.

நிற்காதே. நிற்காதே, நிற்காதே…

அவன் குனிந்தான்.

பின்னால் அந்தக் காலடி வேகமானது. டங், டங், டங்.

நான் கத்தினேன். அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "எந்திரி! வரிசைக்கு வா! எந்திரிடா!"

தம்பி தலையைத் திருப்பி மேலே பார்த்தான்.

என்னைத்தான் பார்த்தான். அப்படி ஒரு பயத்தை அவன் முகத்தில் நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பின்னால் நிற்பவனைப் பார்க்கிறான் என்று நினைத்தேன்.

ஈட்டி இறங்கியது.

விசில்.

பனி. புல். தூரத்தில் நாய். "என்னாச்சு, என்னாச்சு" என்று மேட்டுப் பக்கத்திலிருந்து குரல்கள். கம்பளி இல்லை, கரிமருந்து இல்லை, காலுக்கடியில் முகம் இல்லை. தம்பி மட்டும் கிடந்தான். நூலகரின் மேல் குப்புற விழுந்து கிடந்தான்.

அதற்குப் பிறகு நான் டாக்டராகிவிட்டேன். கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் ஓட்டை. என் துப்பட்டாவைச் சுருட்டி உள்ளே திணித்தேன். அது போதவில்லை. இரண்டு விரலை உள்ளே விட்டு, ரத்தம் பீய்ச்சிய குழாயை விலா எலும்போடு சேர்த்து அழுத்திப் பிடித்தேன். ஆம்புலன்ஸ் வரும் வரை, ஆம்புலன்ஸிலும், தியேட்டர் வாசல் வரை எடுக்கவில்லை. விரல் நுனியில் அந்த ஓட்டையின் விளிம்பு தெரிந்தது. நான்கு பட்டை.

அந்த ஊர் ஆஸ்பத்திரி சர்ஜன் சின்னப் பையன். ஆனால் கெட்டிக்காரன். நான்கு மணி நேரம் தைத்தான். வெளியே வந்து, "பிழைச்சுக்குவார், மேடம். நீங்க விரலை எடுத்திருந்தா போயிருப்பார்" என்றான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நான் யார் முன்னாலும் அழுகிறவள் இல்லை.

தம்பிக்கு நினைவு திரும்பவில்லை. வென்டிலேட்டரில் இருந்தான். நான் வெளியே பெஞ்சில் கிடந்தேன். தொண்டை சுத்தமாகக் கட்டியிருந்தது. ஒரே ஒரு தடவை கத்தியதற்கா இப்படி என்று நினைத்தேன். இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம் வேறு. தம்பியை நூலகர் மேலிருந்து புரட்டியபோது வந்திருக்கும் என்று நர்ஸ் மருந்து தடவினாள்.

நூலகர் வந்து பார்த்தார். காலில் கட்டு. குற்ற உணர்ச்சியில் பாதி ஆளாகிவிட்டிருந்தார்.

"என்னத் தூக்க வந்ததாலதான் தம்பிக்கு இப்படி ஆச்சு. முகம் பூரா சேறு, நான் எதையும் பார்க்கல டாக்டர். உங்க குரல் மட்டும் தலைக்கு மேல கேட்டுச்சு. நல்ல வேளை, அவ்வளவு கிட்டத்துல இருந்தீங்க."

அவரோடு அந்த மாணவியும் வந்திருந்தாள். பதிமூன்றாம் எண்.

"நான்கூட நீங்க பாதியிலயே திரும்பிட்டீங்கன்னு நினைச்சேன் மேடம்" என்றாள்.

"நான் எங்கம்மா திரும்பினேன்?"

"இல்ல, பக்கத்துல ஆள் இல்லாம போச்சு. விதிப்படி நகர்ந்து உங்க இடத்தை அடைச்சுட்டேன். அப்புறம் உங்க தம்பி குனியற வரைக்கும் அவர் தோள்தான் என் தோள்ல பட்டுது."

பனியில் குழம்பியிருப்பாள் என்று விட்டுவிட்டேன். தம்பியின் தோள் என் வலது தோளில் இருந்தது. எனக்குத் தெரியாதா?

போலீஸில் எல்லாவற்றையும் சொன்னேன். செத்தவர்களைப் பற்றிச் சொல்லவில்லை, சொன்னால் என்னையும் ஒரு கட்டிலில் படுக்க வைத்திருப்பார்கள். வரிசைக்குப் பின்னால் ஓர் ஆள் வந்தான், கையில் ஈட்டி மாதிரி இருந்தது, முகம் தெரியவில்லை என்றேன். புல்வெளி முழுக்கத் தேடினார்கள். ஆயுதம் கிடைக்கவில்லை. அவர்கள் நம்பவில்லையோ என்று இருந்தது.

மூன்றாம் நாள் போலீஸ் அதிகாரி கூப்பிட்டார். குரலில் உற்சாகம்.

"நீங்க சொன்னது சரி, டாக்டர். ஆள் சிக்கிட்டான்."

ஓடினேன். படக்காரரின் ட்ரோன் படம் அவர் மேஜைக் கணினியில் இருந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை வெள்ளையாக உருவங்கள், மேலிருந்து எடுத்தது. முகம் கிடையாது, உடம்புச் சூடு மட்டும். ஒட்டி ஒட்டி நகரும் ஒரு நீள வரிசை. அதற்குப் பின்னால், இரண்டடி தள்ளித் தனியாக ஓர் உருவம்.

"இவன்தான்" என்றார். "5.31ல பாருங்க. உங்க தம்பி குனியறார். இவன் ஓடி வர்றான். கையை ஓங்கறான். முடிஞ்சுது. நீங்க இருபத்துநாலு பேர், இவன் இருபத்தஞ்சு. உள்ளூர்க்காரனாத்தான் இருக்கணும், பிடிச்சுருவோம்."

எனக்குப் பெரிய நிம்மதி. பைத்தியம் இல்லை நான். ஓர் ஆள் இருந்தான், சூடுள்ள உடம்போடு, ரத்தமும் சதையுமாக.

அவருக்குப் போன் வந்தது. எழுந்து வெளியே போனார். அவர் அந்தக் கடைசி நிமிடத்தை மட்டும்தான் போட்டுக் காட்டியிருந்தார். அவன் எங்கிருந்து வந்து சேர்ந்தான் என்று பார்க்க நான் படத்தைப் பின்னால் ஓட்டினேன்.

5.20. வரிசை மட்டும். பின்னால் யாரும் இல்லை.

5.23. யாரும் இல்லை.

5.26. வரிசையின் நடுவிலிருந்து ஓர் உருவம் இரண்டடி பின்வாங்கியது. ஒரு கணம் சும்மா நின்றது. பிறகு இரண்டு கைகளையும் எதையோ பற்றியது போல முன்னால் வைத்துக்கொண்டு, வரிசைக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தது. அது விட்டுப் போன இடத்தை இடப்பக்கத்து உருவம் நகர்ந்து அடைத்தது.

படத்தை நிறுத்தினேன். திரையில் விரல் வைத்து, வலக்கோடியிலிருந்து தலைகளை எண்ணினேன். பதினொன்றாவது, தம்பி. அவனுக்கு அடுத்து இருந்த உருவம்தான் இப்போது பின்னால் நடக்கிறது.

மொத்த வரிசையையும் எண்ணினேன். இருபத்துமூன்று. மறுபடி எண்ணினேன். இருபத்துமூன்று. பின்னால் ஒன்று.

இருபத்தைந்தாவது ஆள் என்று ஒருவன் அந்தப் புல்வெளியில் இல்லவே இல்லை.

அதிகாரி திரும்பி வந்தார். "என்ன டாக்டர், வேர்த்துப் போச்சு?" என்றார். ஒன்றும் இல்லை என்றேன். படத்தை 5.31க்கே திருப்பி வைத்துவிட்டு வெளியே வந்தேன். அவர்கள் இன்றைக்கும் அந்த இருபத்தைந்தாவது ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு நினைவிருப்பது வேறு. சத்தியமாக வேறு. நான் அவன் பக்கத்தில் இருந்தேன். அவனைக் காப்பாற்றத்தான் கத்தினேன். அவன் காயத்துக்குள் விரலை விட்டு உயிரைப் பிடித்து வைத்திருந்தது நான். தம்பி கண் விழித்துச் சொன்னால் எல்லாம் தெளிந்துவிடும். அவன் பார்த்திருக்கிறான். கடைசியில் மேலே நிமிர்ந்து அவன் பார்த்தானே… அவன் சொல்லட்டும்.

ஆஸ்பத்திரிக்கு வந்தபோது மாலை. நர்ஸ் சிரித்துக்கொண்டே எதிரே வந்தாள்.

"கண்ணு முழிச்சுட்டார் மேடம். குழாயும் எடுத்தாச்சு. நல்லாப் பேசறார்."

படபடவென்று உள்ளே போகப் போனேன். அவள் கதவுக்குக் குறுக்கே கையை வைத்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. மருந்து மயக்கம், நாளைக்குச் சரியாயிடும். நூலகர் சாரை எல்லாம் உள்ள விடச் சொன்னார். உங்கள மட்டும் வேண்டாம்னுட்டார்."

"நான் அவன் அக்கா."

"தெரியும் மேடம். அதான் சொல்றார். அக்காவ விடாதீங்கன்னு."

கதவின் சதுரக் கண்ணாடி வழியாகக் கட்டிலின் ஓரம் தெரிந்தது. அவன் கால் தெரிந்தது. என் குரலைக் கேட்டிருக்க வேண்டும். போர்வைக்குள் அந்தக் கால் வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்தது.

"வேற ஏதாவது சொன்னானா?"

அவள் தயங்கினாள். "ஒண்ணு சொல்லச் சொன்னார். அழுதுகிட்டே சொன்னார். எனக்கு ஒண்ணும் புரியல."

"சொல்லும்மா."

"இனிமே யாரு விழுந்தாலும் குனிய மாட்டேன்னு அக்காகிட்ட சொல்லிடுங்கன்னு சொன்னார்."